தோட்டத்து ஊரிலிருந்து உயிரியல் பேராசிரியர், அறிவியல் எழுத்தாளர்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் உயிரியல் நன்றாக வரும் பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் காட்டும் வழி ஒன்றுதான்: டாக்டர். அந்த இடம் கிடைக்காவிட்டால் மருந்தகம், தாதிமை, ஆசிரியர் பயிற்சி. உயிரியலையே ஆராய்ந்து, அதையே பல்கலைக்கழகத்தில் கற்பித்து, அதையே தமிழில் எழுதவும் முடியும் என்று எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. அதைப் படிப்படியாகச் சொல்வதற்கே இந்த வழிகாட்டி.

முதலில் காலக்கணக்கு. 17 வயதில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு), 19-ல் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதித் தேர்வு), 22 அல்லது 23-ல் இளங்கலைப் பட்டம், 25 வாக்கில் முதுகலை, 29 அல்லது 30-ல் முனைவர் பட்டம். அதன் பிறகுதான் விரிவுரையாளர் வேலை. பேராசிரியர் ஆகும்போது பலருக்கு 45 தாண்டிவிடும். நீண்ட பாதைதான், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள். ஆனால் எழுதுவதை மட்டும் முனைவர் பட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஆய்வாளருக்கும் எழுத்தாளருக்கும் வேண்டிய முதல் பழக்கம் ஒன்றே: கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி, தேதி போட்டுக் குறித்து வைப்பது. செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனை) ரப்பர் மரத்துக்கும் நடுவில் வளர்கிறவருக்கு அந்தப் பழக்கத்துக்கான இடம் வாசலிலேயே இருக்கிறது.

எஸ்.பி.எம். வரை: மூன்று மொழி, நான்கு பாடம்

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை முதலில் தடுமாறுவது மலாய் மொழியில். தேவைப்பட்டால் முதலாம் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஓராண்டு படிப்பதில் குறைவொன்றும் இல்லை. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. வரலாறு இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2013-ல். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கும் எஸ்.பி.எம். மலாய் மொழித் தேர்ச்சியைக் கேட்பார்கள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, 17 வயதில் எழுதிய மலாய்த் தாளை மறுபடி எழுதும் நிலை வரக்கூடாது.

நான்காம் படிவத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் நான்கையும் எடுங்கள். உயிரியலுக்குக் கணிதம் எதற்கு என்று கூடுதல் கணிதத்தை விடுகிறவர்கள் பின்னால் புள்ளியியலில் சிக்கிக்கொள்கிறார்கள். பூச்சி ஆய்வோ மரபணு ஆய்வோ, கடைசியில் எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும்.

தமிழ் மொழிப் பாடத்தையும் விடாதீர்கள். ஒரு ‘ஏ’ குறைந்துவிடும் என்ற பயத்தில் பல நல்ல மாணவர்கள் தமிழைக் கைவிடுகிறார்கள். தமிழில் எழுதப் போகிறவருக்கு அது பெரிய இழப்பு. ஐந்தாம் படிவம் வரை கட்டுரை எழுதித் திருத்தம் வாங்கிய கை பின்னால் எளிதில் மறக்காது.

ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா?

மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆயத்தப் படிப்பு, பெரும்பாலோருக்கு ஓராண்டில் முடியும். சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கோப்பேங்கில் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. ஆனால் எந்தக் கல்லூரி என்பதை அமைச்சு முடிவு செய்யும். எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு, கடினம் கூடுதல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடுதலாக ஏற்பது எஸ்.டி.பி.எம்.மைத்தான். உயிரியல் ஆய்வுக்கு என்றே போகிறவருக்கு எங்கள் பரிந்துரை ஆறாம் படிவம். ஆய்வுக்கூடப் பயிற்சியும் நீண்ட விடை எழுதும் பழக்கமும் அங்கே நன்றாக அமையும். இடம் கிடைத்தால் மெட்ரிகுலேஷனும் குறையில்லை.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மூயெட் ஆங்கிலத் தேர்வைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். உயிரியல் ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வெளிவருகிறது. வாரம் ஒரு ஆங்கில அறிவியல் கட்டுரையைப் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் பத்து வரியில் எழுதிப் பாருங்கள். இரண்டு மொழிக்கும் பயிற்சி ஆயிற்று.

யு.பி.யு. விண்ணப்பமும் பட்டப்படிப்பும்

யு.பி.யு. என்பது அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம். இங்கே நடக்கும் தவறு பழையது. முதல் விருப்பங்களில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று நிரப்பிவிட்டு, உயிரியலைக் கடைசி வரிசையில் ஒப்புக்குப் போடுவது. மருத்துவம் கிடைக்காமல் உயிரியலுக்குத் தள்ளப்பட்டவர், முதல் ஆண்டு முழுக்க மனக்கசப்போடு உட்கார்ந்திருப்பார். உயிரியல்தான் வேண்டும் என்றால் அதையே முதலில் போடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் யு.கே.எம்., செர்டாங்கில் யு.பி.எம்., பினாங்கில் யு.எஸ்.எம். நான்கிலும் உயிரியல் துறை வலுவாக இருக்கிறது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட, உங்களுக்குப் பிடித்த பிரிவில் அங்கே யார் ஆய்வு செய்கிறார்கள் என்று பாருங்கள். தனியார் கல்லூரி என்றால் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) தகுதி இருக்கிறதா என்று அந்த முகமையின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். முகவர் வாய்ச்சொல் போதாது.

பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கடன் வாங்கியவர் முதல் வகுப்பில் தேறினால், நடப்பு விதிப்படி தகுதி இருந்தால், திரும்பச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இதற்குக் கெடு உண்டு. பட்டமளிப்பு முடிந்த கையோடு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். முதல் வகுப்பு பின்னால் முதுகலை உதவித்தொகைக்கும் பயன்படும்.

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்பைவிட விரிவுரையாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை சந்தித்து, எழுதியதைத் திருத்தித் தருபவர் கிடைத்தால் எந்தத் தலைப்பும் நல்ல தலைப்புதான்.

தோட்டமே ஆய்வுக்கூடம்: ஒரு கணக்கெடுப்பு

பட்டப்படிப்பு மாணவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய உண்மையான ஆய்வு ஒன்று: செம்பனை ஆண் பூவில் கூன்வண்டு எண்ணுவது.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு காலத்தில் வரும். ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துப் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். 1981-க்கு முன் மலேசியத் தோட்டங்களில் இதற்கென்றே ஆள் வைத்து, மகரந்தத் தூளைப் பெண் பூவில் அடித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கமெரூனில் அந்த வேலையைச் செய்வது எலைடோபியஸ் கமெருனிகஸ் என்ற கூன்வண்டு என்பது தெரியவந்தது. மற்றப் பயிர்களைத் தின்னாது என்று சோதித்த பிறகு 1981-ல் ஜொகூர், குளுவாங் வட்டாரத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு கையால் தூள் அடிக்கும் வேலை பெரும்பாலும் நின்றுபோனது. வண்டு ஆண் பூவைத் தின்று, அதிலேயே முட்டையிடும். முட்டை வண்டாக வளர ஏறத்தாழ இரண்டு வாரம். பெண் பூவிலும் அதே போன்ற வாசம் வருவதால் ஏமாந்து அங்கேயும் போகும். உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிரும்.

முதல் வேலை அனுமதி. துறைத் தலைவரின் கடிதத்தோடு தோட்ட நிர்வாகியைப் பாருங்கள். எந்த பிளாக், எந்தத் தேதிகள், எத்தனை பேர் என்று கடிதத்தில் இருக்கட்டும். அப்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: குலை வெட்டும் சுற்று எப்போது, மருந்து அடிப்பது எப்போது, மறுநடவு எந்த ஆண்டு. செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டில் அழித்து மறுநடவு செய்வார்கள். இதைக் கேட்காமல் குறி போட்ட மரங்கள் பாதி ஆய்வில் சாய்ந்து கிடக்கும். அனுமதி கிடைத்ததும் அந்த பிளாக்கின் மண்டோரிடமும் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லுங்கள். மட்டை வெட்டுகிறவருக்கு விஷயம் தெரியாவிட்டால், நீங்கள் குறித்து வைத்த ஆண் பூவும் மட்டையோடு போய்விடும்.

கையெட்டும் உயரத்தில் பூ இருக்க வேண்டும் என்பதால் நட்டு 4 முதல் 7 ஆண்டான மரங்களாகப் பாருங்கள். பூட்ஸ், நீளக்கை சட்டை, தலைக்கவசம், கையுறை கட்டாயம். மட்டைக் காம்பின் முள் ஆழமாகக் குத்தும். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும், கால் வைக்கும் முன் கோலால் தட்டுங்கள். எலிச்சிறுநீரால் வரும் காய்ச்சல் செம்பனைக் காட்டில் தொற்றக்கூடும். கையில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

காலை 9 முதல் 11 மணிக்குள், மழை இல்லாத நாளில் வேலையை முடியுங்கள். மலர்ந்த ஆண் பூங்கொத்து வெளிர்மஞ்சளாக இருக்கும், தட்டினால் தூள் கொட்டும், சோம்பு வாசம் வரும். அதில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறுகதிர்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணிக் குறியுங்கள். பிறகு மேலே 3, நடுவில் 3, அடியில் 3 என ஒன்பது சிறுகதிர்களை வெட்டுங்கள். வெட்டிய பிறகு பையில் போட்டால் பாதி வண்டு பறந்துவிடும். அதனால் ஒவ்வொரு சிறுகதிரின் மேலும் பிளாஸ்டிக் பையை மெல்லக் கவிழ்த்து, வாயைப் பிடித்துக்கொண்டு, பிறகு காம்பை வெட்டுங்கள். தேதி, பிளாக், மரத்து எண், மேல், நடு அல்லது அடி என்று காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.

பைகளை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்தால் வண்டுகள் அசையாது. வெள்ளைத் தட்டில் கொட்டி, 10 மடங்கு உருப்பெருக்கியால் பார்த்து எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக ஒன்பது சிறுகதிரில் மொத்தம் 270 வண்டு என்றால் ஒன்றுக்குச் சராசரி 30. பூங்கொத்தில் 150 சிறுகதிர் இருந்தால் 150 பெருக்கல் 30, அதாவது 4,500 வண்டு.

இதில் பலர் செய்யும் பிழை, அன்றுதான் மலரத் தொடங்கிய பூவையும் நான்காம் நாள் பூவையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. மலர்ச்சி ஏறும்போது வண்டு கூடும், பூ காய்ந்ததும் போய்விடும். நாள் கலந்துவிட்டால் இரண்டு பிளாக்குகளுக்கு இடையே நீங்கள் காணும் வித்தியாசம் இடத்தால் வந்ததா, பூவின் வயதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒரு பிளாக்குக்குக் குறைந்தது பத்து மரம், எல்லாம் ஒரே மலர்ச்சி நிலையில் இருக்கட்டும். வண்டே இல்லாத பூ கிடைத்தால் சுழியம் என்று எழுதுங்கள், ‘பாழ்’ என்று ஒதுக்காதீர்கள். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் பார்த்தது, வலப்பக்கத்தில் நினைத்தது. இரண்டும் ஒருபோதும் கலக்கக்கூடாது.

முதுகலையும் முனைவர் பட்டமும்

பேராசிரியர் பாதைக்கு ஆய்வு வழி முதுகலையே பொருத்தம். பாடவழி முதுகலையில் ஆய்வேட்டுப் பயிற்சி குறைவு. நன்றாகச் செய்தால் சில பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பதிவை இடையிலேயே முனைவர் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்குமுன் அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களைத் தனியே பார்த்துப் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்? மாணவர் செய்த ஆய்வில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? ஆய்வு நிதி எந்த ஆண்டு வரை இருக்கிறது? இதற்கு முன் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இந்தப் பதில்கள் இழுபறியாக இருந்தால், அவர் எவ்வளவு புகழ் பெற்றவரானாலும் வேறு ஆளைத் தேடுங்கள். மேற்பார்வையாளரின் நிதியிலிருந்து ஆய்வு உதவியாளர் சம்பளம் கிடைத்தால் குடும்பத்துக்குச் சுமை குறையும். எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

காட்டில் மாதிரி எடுக்கப் போகிறவர் பேராக் மாநில வனத்துறை அனுமதிக்கும், விலங்குகளுக்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதிக்கும் மாதக் கணக்கில் காத்திருக்க நேரலாம். 2020 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் உயிரியல் வளச் சட்டத்தின்படியும் அனுமதி தேவைப்படலாம். முதல் தவணையிலேயே விண்ணப்பியுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை நல்ல ஆய்விதழ் ஏற்காது.

ஆய்விதழ்களில் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிகள் இருக்கின்றன. மூன்று நாளில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். உண்மையான மதிப்பாய்வுக்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். போலி இதழில் வந்த கட்டுரை உங்கள் விண்ணப்பத்தில் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

புள்ளியியலுக்கு ‘ஆர்’ மென்பொருள் இலவசம். அதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டு, மாதிரி எடுக்குமுன் எந்தச் சோதனையைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். தரவு வந்த பிறகு சோதனையைத் தேடுகிறவர் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வார்.

தமிழில் அறிவியல் எழுதுவது

தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு ஏற்ற நீளம் 600 முதல் 900 சொல். அதற்குள் ஒரு கேள்வி போதும். ‘செம்பனையும் பூச்சிகளும்’ என்பது தலைப்பு, கேள்வி இல்லை. ‘தூள் அடிக்கும் வேலை ஏன் நின்றது?’ என்பது கேள்வி. கூன்வண்டுக் கணக்கெடுப்பின் குறிப்பேட்டிலிருந்தே இதை எழுதலாம். முதல் வரியில் பலர் இப்படித் தொடங்குவார்கள்:

“எலைடோபியஸ் கமெருனிகஸ் எனும் பூச்சியினம் செம்பனை மகரந்தச் சேர்க்கையில் முக்கியப் பங்கு வகிக்கிறது.”

தவறில்லை, ஆனால் படிப்பவர் கண்முன் ஒன்றுமே வரவில்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

“ஆண் பூ மலர்ந்த செம்பனை அருகே போய் நின்றால் சோம்பு வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குத்தான் அரிசியைவிடச் சிறிய ஒரு வண்டு ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கிறது.”

பெயர் மூன்றாம் வரியில் வரட்டும். கலைச்சொல்லுக்குத் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடநூலில் வரும் சொல்லையே எடுங்கள். வீட்டில் பிள்ளை படிக்கும் சொல்லும் நீங்கள் எழுதும் சொல்லும் ஒன்றாக இருந்தால் படிப்பவருக்கு அந்நியமாக இருக்காது.

முடிவை மட்டும் சொல்லாமல், அது எப்படித் தெரிந்தது என்று சொல்லுங்கள். பேராக் வாசகருக்கு நிப்பா கிருமியின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1998 இறுதியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். இந்தப் பொருந்தாமைதான் துப்பு. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கிருமி பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது பின்னால் தெரிந்தது. முதல் விடை, அது பொருந்தாத இடம், புதிய சான்று: இந்த மூன்றையும் இதே வரிசையில் வைத்தால் கட்டுரை தானாக நடக்கும்.

ஊரைச் சுற்றிப் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1877-ல் நடப்பட்ட ரப்பர் மரம் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. செம்மோர் பக்கம் காந்தான் சுண்ணாம்புக் குன்றில் கண்டெடுத்த மிகச் சிறிய நத்தை ஒன்றுக்கு, அப்போது அங்கே கல் உடைத்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே வைத்து 2014-ல் அறிவித்தார்கள். புகழ்பெற்ற அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் ஸ்டீபன் ஜே கூல்டும் நத்தை ஆய்வாளர்தான். 1974 முதல் 2001 வரை மாதம் தவறாமல் 300 கட்டுரை எழுதினார். மாதம் ஒன்று என்ற கணக்கு வேலையில் இருப்பவருக்கும் கட்டுப்படியாகும்.

அனுப்புமுன் ஒவ்வொரு பெயரையும், எண்ணையும், ‘அதனால்’ என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். ‘அதனால்’தான் ஆபத்தானது. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது என்பதற்கும் ஒன்றால் மற்றது நடந்தது என்பதற்கும் உள்ள தூரத்தை அந்தச் சொல் மறைத்துவிடும். மூலிகைக் கட்டுரை கேட்பவர்கள் வருவார்கள். எலியில் செய்த சோதனையை நோயாளிக்கான மருந்தாக எழுதாதீர்கள், யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்தக்கூடும். அறிவியல் படிக்காத ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ கட்டுரையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் “என்ன சொன்னே?” என்று நிறுத்தும் இடத்தைத் திருத்துங்கள். யுனிகோட் எழுத்துருவில், நீங்களே எடுத்த படத்தோடும் அதற்கான விளக்க வரியோடும் அனுப்புங்கள். இதில் பெரிய வருமானம் இருக்காது, சோற்றுக்கு விரிவுரையாளர் சம்பளம்தான்.

வேலையும் பதவி உயர்வும்

முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு வெளிநாட்டில் ஆய்வாளராக இருந்துவிட்டு வருபவருக்கு வாய்ப்பு கூடுதல். விரிவுரையாளர் வேலைக்கு இடம் அறிவிக்கும்வரை காத்திருக்காமல், துறைத் தலைவருக்கு உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் அனுப்பி வையுங்கள். ஒப்பந்த வேலை முதலில் வந்தால் தயங்க வேண்டாம். ஆனால் பாடம் எடுக்கும் மணிநேரம் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள், வாரம் முழுக்க வகுப்பு என்றால் ஆய்வு நின்றுபோகும். ஆய்வுக்கு நேரம் கிடைத்தால் இரண்டாம் ஆண்டுக்குள் உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். (அடிப்படை ஆய்வு) நிதிக்கு விண்ணப்பியுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக ஊழியர் ஊடகத்தில் எழுதுவதற்கு விதிகள் உண்டு, பத்திரிகையில் தொடர் தொடங்குமுன் துறைத் தலைவரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள். ஒவ்வொன்றிலும் பார்ப்பது ஆய்விதழ்க் கட்டுரைகள், கொண்டுவந்த நிதி, முடித்துக் கொடுத்த முனைவர் மாணவர்கள், கற்பித்தல், சமூகப் பணி. தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகள் சமூகப் பணியில்தான் சேரும், ஆய்வுக் கட்டுரைக்கு ஈடாகாது. அதற்காகச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டுரையையும் வெளிவந்த அன்றே பக்க எண், தேதியோடு ஸ்கேன் செய்து, தலைப்பையும் இரண்டு வரிச் சாரத்தையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி இணையுங்கள். மதிப்பிடும் குழுவில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம்.